மாடி வீட்டு அமெரிக்கத் தேர்தல்

எங்கள் வீட்டு மாடிக்கு இரண்டு அமெரிக்கர்கள் மௌனத்தைத் தேடிக் குடிவந்தார்கள். அக்காவும் தம்பியும். அக்காவுக்கு எழுபத்து நான்கு, தம்பிக்கு எழுபத்தொன்று. அக்கா பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி காப்பீட்டு முகவராக இருந்தவர். அக்காவின் கணவரும் தம்பியின் மனைவியும் இறந்துவிட்டார்கள். இருவருக்கும் சொந்த ஊர் அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் இது அதிசயமில்லை. ஓய்வுப் பணத்தில் வீடு கட்டுகிற எவரும் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட மாடியில் மேற்கத்தியக் கழிப்பறை வைத்துத்தான் கட்டுவார்கள். எங்கள் பகுதியின் வாஸ்து அது. முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய நானும் அப்படித்தான் கட்டினேன்.

அவர்கள் தேடி வந்த மௌனம் தினமும் காலை எட்டு மணி வரை நீடிக்கும். விடியலில் ஆசிரமத்துக்குப் போய் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார்கள். திரும்பும் வழியில் ஆளுக்கொரு இளநீர். வீட்டுக்கு வந்ததும் கைபேசியைத் திறப்பார்கள். அங்கே அப்போதுதான் இரவுச் செய்தி ஓடி முடிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் மாடியில் நாற்காலி இழுபடும், கதவு அறைபடும். அக்கா ஒரு கட்சி, தம்பி அடுத்த கட்சி. யார் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் உடனே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு மீதியைப் படிப்பீர்கள்.

"அடுப்பு கூட வெக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க. இதுக்கு எதுக்குங்க இம்மாந்தூரம் பிளேன் ஏறி வரணும்?" என்பாள் என் மனைவி.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்க அமெரிக்காவைப் பற்றி மற்றவர்கள் பெருமையடிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கிறான். அந்த நாட்டின் அழுக்குத் துணி என் மாடியிலேயே காய்வதைப் பார்க்க ஒரு சுகம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்பேன், ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கேட்பேன். பதில் வரும்போது அனுதாபமாகத் தலையை ஆட்டுவேன். ஏழை உறவினர் வீட்டுக்கு வந்த பணக்காரச் சித்தப்பாவைப் போல.

தம்பி என் வராந்தாவில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி போட்ட டீயைக் குடித்தபடி ஒருநாள் சொன்னார்: "எங்கள் நாட்டுக்கு ஒரே பிரச்சினைதான். வெளியாட்கள் கூட்டமாக வந்து குடியேறிவிடுகிறார்கள்." நான் அதை மொழிபெயர்த்ததும் என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இவரு யாருங்க?" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அக்காவும் லேசுப்பட்டவரல்ல. மனிதர்கள் எல்லாரும் சமம் என்பது அவர் கொள்கை. அதைக் காட்ட, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பெண் கூச்சத்தில் பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. பாத்திரம் முழுவதையும் என் மனைவிதான் தேய்த்தாள். சமத்துவம் எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

தேர்தல் நெருங்க நெருங்கத் தெருமுனை டீக்கடையிலும் அமெரிக்க அரசியல் சூடு பிடித்தது. யார் வந்தால் விசா கிடைக்கும், யார் வந்தால் பையன் திரும்பி வந்துவிடுவான் என்பதுதான் எங்கள் வெளியுறவுக் கொள்கை. "இன்னாதான் சொல்லுங்க சார், அங்க சாதி கிடையாது. அதான் அவன் முன்னேறிட்டான்" என்று டீ ஆற்றியபடியே தீர்ப்புச் சொல்வார் கடைக்காரர். அவர் கடையில் கண்ணாடி டம்ளர், காகிதக் கப் என்று இரண்டும் உண்டு. யாருக்கு எது என்று வருகிறவர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். நோய்க்குப் பயந்து என்பார்.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அக்காவிடம் வம்புக்கென்றே கேட்டேன்: "உங்க நாட்டுல ஜாஸ்தி ஓட்டு வாங்கினவர் கூட தோத்துப்போகலாமாமே?"

அவர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். மக்கள் நேராக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். இது ஏன் இப்படி என்று கேட்டேன். ஆதியில் அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களும் மற்ற மாநிலங்களும் பேசிப் பேரம் படிந்த கதை அது என்றார். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதி என்று தலை எண்ணும்போது மட்டும் அடிமையையும் சேர்த்துக்கொள்வார்கள், ஒருவரை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக.

நான் சிரித்துவிட்டேன். "எந்த மூணு பங்குங்க? கையும் காலும் முதுகுமா?"

அக்கா சிரிக்கவில்லை. "ஆமாம், வேலை செய்கிற பங்கு" என்றார்.

எனக்கு அன்று ரொம்பத் திருப்தி. கீழே இறங்கி வந்து மனைவியிடம் அதைச் சொல்லி இன்னொரு முறை சிரித்தேன். எத்தனை கேவலமான நாடு பார் என்றேன். நாம் முதல் தேர்தலிலேயே எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்தவர்கள் என்றேன். யாரோ கொடுத்ததை நானே கொடுத்ததுபோல.

வாக்குச் சீட்டு மின்னஞ்சலில் வந்தது. இருவரும் தனித்தனியாக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அச்செடுத்து வந்தார்கள். சேர்ந்து போனால் ஒரே ஆட்டோ போதும், ஆனால் அந்த வாரம் பேச்சு வார்த்தை இல்லை. சீட்டை நிரப்பி உறையில் போட்டு ஒட்டி, உறைமேல் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் மாநிலத்து விதி. அக்காவுக்குத் தம்பியும் தம்பிக்கு அக்காவும் ஒரு சாட்சியாக இருந்திருக்கலாம். இருவருக்குமே கௌரவம் விடவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும் வந்தது.

நான் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு தயாரானேன். என் மனைவிக்குத்தான் சந்தேகம். "நான் தமிழ்லதான் போடுவேன். அதுக்காக அந்த அம்மாவோட ஓட்டு செல்லாமப் போயிடுமா?"

"கையெழுத்துன்னுதான் போட்டிருக்கு, இங்கிலீசு கையெழுத்துன்னு போடல. போடு" என்றேன்.

அக்கா முதலில் இறங்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கையை வைத்து மறைத்துக்கொண்டு வட்டங்களைக் கருப்பாக்கினார். பாதியில் தம்பியும் தன் காகிதங்களோடு வந்துவிட்டார். மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து அவரும் கையால் மறைத்துக்கொண்டார். பரீட்சையில் அடுத்தவன் பார்த்து எழுதிவிடுவானோ என்று பயப்படுகிற பிள்ளைகளைப்போல இருந்தது. யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரே ஊரு, ஒரே மாநிலம். நீங்க ஒண்ணு போடறீங்க, அவர் ஒண்ணு போடறார். ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுபோயிடும். ரெண்டு பேரும் போடாம இருந்துட்டாலும் அதே கணக்குதானே?" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பல வாரங்களில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

தம்பிதான் முதலில் பேசினார். "ஓட்டு என்பது கடமை. எங்கள் அப்பா அப்படித்தான் எங்களை வளர்த்தார். தேர்தல் அலுவலகத்தில் பதிவு எழுத்தராக இருந்தவர் அவர். ஒருநாள் கூட லீவு போட்டதில்லை."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்று சொல்."

"சட்டம் சொன்ன வேலையைச் செய்தார்."

"சொல்."

அக்காதான் எங்களைப் பார்த்துச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

அவர்கள் மாநிலத்தில் அந்தக் காலத்தில் ஓட்டுரிமை கேட்டு வருகிறவருக்கு ஒரு பரீட்சை உண்டு. அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பத்தியைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். சொன்னது சரியா தப்பா என்று எழுத்தர்தான் முடிவு செய்வார். வெள்ளைக்காரர் வந்தால் ஒரு வரி. கறுப்பர் வந்தால் வழக்கறிஞரே திணறுகிற பத்தி. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் அப்பாவின் அலுவலகத்தில் ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பார். அப்போது ஒரு கறுப்பர் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா கொடுத்த பத்தியைத் தடையில்லாமல் படித்தார். பொறுமையாக அர்த்தமும் சொன்னார். அப்பாவுக்கே தெரியாத அர்த்தம் அது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கே அது புரிந்தது.

"போதாது, இன்னும் நன்றாகப் படித்துவிட்டு வா" என்றாராம் அப்பா.

அந்த வாத்தியார் அந்தக் கோடையில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் போதவில்லை. மூன்றாம் முறை வந்துபோன அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா அவரைப்போலவே பேசிக் காட்டினார். வீடே சிரித்தது.

"நானும் சிரித்தேன்" என்றார் அக்கா. "பிறகு முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் இந்தப் பரீட்சையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கேள்வி கேட்டது யாருடைய அப்பா என்று ஒரு வருடம் கூடச் சொல்லவில்லை."

தம்பி எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

என் மனைவிக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். "என்னங்க சொல்றாங்க? எதுக்கு அழறாங்க?" என்றாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். வரவில்லை. எங்கள் கிராமத்து வாக்குச் சாவடி ஒன்று ஞாபகத்துக்கு வந்து நின்றது.

எங்கள் கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு. நடுவில் ஒரு ஏரிக்கரை. என் அப்பா பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றபோது எனக்கு இருபத்து நான்கு வயது. வாக்குச் சாவடியில் நான்தான் அவருடைய ஏஜெண்ட். காலனி ஓட்டுகளை யாரும் வந்து சிரமப்பட்டுப் போட வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் காலையிலேயே அவர்களுக்காகப் போட்டு முடித்துவிட்டார்கள். பட்டியலில் பேர் பேராக டிக் அடித்தது என் பேனாதான். பதினொரு மணிக்கு ஒரு பெண் சீட்டோடு வந்து நின்றாள். எங்கள் நிலத்தில் நாற்று நடுகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"உன் ஓட்டு போட்டாச்சு, போ" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவளை.

"யாரு போட்டது சின்னவரே? நான் இங்கதானே நிக்கறேன்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விரலை நீட்டிக் காட்டினாள். "என் வெரல்ல மை இல்லீங்களே" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஏஜெண்ட் அல்லவா? அவள் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அப்பா ஜெயித்தார். பட்டாசு வெடித்தோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறைத்ததாகவும் நினைத்ததில்லை. சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். இரண்டு உறைகளிலும். இந்த வாக்காளர் தன் ஓட்டைத் தானே போட்டதை நேரில் பார்த்தேன் என்று உறுதி கூறி, என் பெயரையும் எழுதினேன். என் மனைவியும் தமிழில் போட்டாள். உறைகளை நானே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பழைய சகாக்களிடம் அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறேன் என்று கிண்டலும் அடித்தேன். அப்படி ஒரு தடித்த தோல் எனக்கு.

ஆனால் தூக்கம் கெட்டுவிட்டது. நான்காம் நாள் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிக் காம்பு வரை ஆய்ந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்றாள்.

"இருக்காங்கன்னுதான் நினைக்கறேன்."

"அப்போ இங்க உக்காந்து எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க?"

மறுநாள் பஸ் ஏறினேன். ஏரிக்கரையைத் தாண்டிக் காலனிக்குள் நடந்து போனது என் அறுபத்து மூன்று வயதில் அதுவே முதல் முறை. தபால்காரனாக இல்லாமல் தபால் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்ததில் எனக்கு அந்த வசதி இருந்தது. அன்று விரலை நீட்டிக் காட்டியவர் தன் அரசுத் தொகுப்பு வீட்டின் வாசலில், சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது.

"தலைவரு மவனா? தலையெல்லாம் கொட்டிப்போச்சே! உள்ள சேர் கீது, எடுத்துப் போட்டுக்கோ."

உட்கார்ந்தேன். "அம்மா, அன்னிக்கு எலெக்சன்ல..." என்று ஆரம்பித்தேன். அவரை அம்மா என்று கூப்பிட்டதும் அதுவே முதல் முறை.

அவர் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. என் ஓட்ட நீங்களே போட்டுக்கினீங்க. மறந்துடுமா? நல்லா சிரிச்சியே."

"தப்புதாம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"எங்கப்பாவுக்குத்தான்."

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். பல் இல்லாத வாயால் ஒரு சிரிப்பு வந்தது. "நானும் உங்கப்பாருக்குக் குத்தலாம்னுதான்யா வந்தேன். காலனிக்குத் தண்ணி பைப்பு போட்டுக் குடுத்தாருன்னு. என் கையால குத்தணும்னு காலையிலயே தலைக்கு ஊத்திக்கினு வந்தேன்."

திருடியதுதான் திருடினோம், எங்களுக்கென்றே வைத்திருந்ததைத் திருடியிருக்கிறோம்.

"அதுக்கப்புறம் உங்க கட்சிக்கு நான் போட்டதே இல்ல" என்றார் அவர். "உங்கப்பாரு மறுக்கா நின்னு தோத்தாரே, அப்ப எங்க தெருவே போடல. தெரியுமா உனக்கு?"

தெரியாது. அப்பா அந்தத் தோல்விக்கு உறவினர் ஒருவரின் துரோகத்தைக் காரணம் காட்டியே செத்தார்.

மருமகள் டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்குவதற்கு முன் என் கை ஒரு கணம் தயங்கியது. ஒரே ஒரு கணம்தான். மன்னிப்புக் கேட்கப் பஸ் ஏறி வந்த கைதான் அது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே இருந்து ஒரு மனுவை எடுத்துவரச் சொன்னார். முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தில் ஏதோ பேர் பொருந்தவில்லையாம்.

"நீ தபாலாபீசுல இருந்தவன்தானே? வந்ததுதான் வந்தே, இதச் சரியா எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதினேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு பை நிறையக் கடலை மட்டும் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னது நான் செய்த தவறு. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் எவ்வளவு துணிச்சலானவர் என்றார். கண்ணில் நீர். அந்த அம்மாவைத் தானும் பார்க்க வேண்டும், அவர் குரலைப் பதிவு செய்ய வேண்டும், இரண்டு நாட்டுக் கதைகளையும் சேர்த்து ஏதாவது எழுத வேண்டும் என்றார். காலனிப் பெண்ணின் ஓட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அக்கா அவர் கதையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். "அவங்களுக்குக் கடலை உரிக்கற வேலை இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

முடிவு வந்த நாளில் இருவரில் ஒருவருடைய கட்சி ஜெயித்தது. அவர்கள் மாநிலம் எப்போதும் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே போயிற்று. எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த வாக்குப்பதிவால் அங்கே ஒரு இலை கூட அசையவில்லை. ஜெயித்தவர் கொண்டாடவில்லை, தோற்றவர் திட்டவில்லை. என் மனைவி வேண்டுமென்றே ஒரே பாத்திரத்தில் உப்புமா செய்து மாடிக்கு அனுப்பினாள். அதைப் பங்கு போடுவதற்காவது பேசித்தானே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் தம்பி மட்டும் கீழே வந்தார். அக்கா அவரிடம் என் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் என்னைத் துணிச்சல்காரர் என்று சொல்லவில்லை. ஹால் சுவரில் சந்தன மாலை போட்டிருந்த என் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இவரா?" என்றார்.

"இவர்தான்."

"படத்தைக் கழற்றவில்லையா?"

"இல்லை. அப்பாதானே?"

அவர் தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துத் தன் அப்பாவின் படத்தைத் தேடிக் காட்டினார். மூக்குக் கண்ணாடி, டை, மடியில் ஒரு குழந்தை. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியிராத முகம். "என் அக்கா இவரைப் பற்றிச் சொன்னது எல்லாம் உண்மை. அந்த இரவு நானும் மேசையில் இருந்தேன். அப்பா அந்த வாத்தியாரைப்போலப் பேசிக் காட்டியதை மறுபடி செய்யச் சொன்னவனே நான்தான்" என்றார்.

என் மனைவி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு அவர் மாடி ஏறிப் போனார்.